உங்களுக்குத் தெரியுமா? மரடோனா ஸ்பெஷல்!

நவம்பர் 25. இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2005-ல் இதே நாளில்தான் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் மறைந்தார். 2016-ல் இதே நாளில் ஃபிடல் காஸ்ட்ரோ. 2020-ல் இதே நாளில் டியேகோ மரடோனா! அவருடைய இடது காலில் பச்சை குத்தியிருந்த முகம் யாருடையது தெரியுமா? காஸ்ட்ரோவுடையதேதான்!

அறுபதாவது பிறந்தநாள் முடிந்து எத்தனை நாளில் போனார்? வெறும் 26!

அர்ஜென்டினாவில் மூன்று நாள் தேசிய துக்கம். உடலை எங்கே வைத்தார்கள்? அதிபர் மாளிகையில்! 1986-ல் உலகக் கோப்பையைத் தூக்கிக்காட்ட அவர் வந்து நின்றது எந்த மாடத்தில்? அதே மாளிகையின் மாடத்தில்! இடைவெளி 34 வருடம்!

கொரோனா காலம் என்று யாரும் வீட்டில் இருக்கவில்லை. மாளிகைக்கு வெளியே கிலோமீட்டர் கணக்கில் வரிசை. சவப்பெட்டியைக் கடந்து போனவர்கள் பூ மட்டுமா போட்டார்கள்? போட்டிருந்த ஜெர்சியைக் கழற்றி வீசிவிட்டுப் போனார்கள்!

போகா ஜூனியர்ஸ், ரிவர் பிளேட். புவனோஸ் அயர்ஸின் ஜென்மப் பகை அணிகள். அந்த வரிசையில் ஒரு போகா ரசிகரும் ஒரு ரிவர் ரசிகரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தப் படம் உலகத்தையே சுற்றி வந்தது!

போகாவின் மைதானத்தில் அன்றிரவு எல்லா விளக்கையும் அணைத்தார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சம். மரடோனா குடும்பத்தோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் அந்த பாக்ஸ்! மைதானத்தில் விளக்கு எரிந்த அறைகள் மொத்தம் 1!

இப்போது இத்தாலிக்கு வாருங்கள். மறுநாள் நேப்பிள்ஸில், மரடோனா ஆடிய நபோலி அணிக்கு ஐரோப்பியப் போட்டி. பதினோரு பேரும் மைதானத்துக்குள் வந்தார்கள். பதினோரு பேர் முதுகிலும் மரடோனா என்ற பெயர், பதினோரு பேர் முதுகிலும் எண் 10! அந்த எண்ணை நபோலியில் யாருக்கும் தருவதில்லை என்று நிறுத்தி வைத்த வருடம் 2000!

மூன்று நாள் கழித்து ரோமா அணியோடு ஆட்டம். நபோலி வீரர்கள் போட்டு வந்தது அர்ஜென்டினா பாணியில் கோடு போட்ட ஜெர்சி! கேப்டன் இன்சின்யே ஃப்ரீ கிக்கில் முதல் கோல் அடித்தார். ஓடிப்போய் மரடோனாவின் 10-ஆம் எண் ஜெர்சியைத் தூக்கிப் பிடித்தார். ஆட்டம் முடிந்தபோது 4-0!

அந்த மைதானத்தின் பெயர் அதுவரை சான் பாவ்லோ. அதாவது புனித பவுல்! புனிதரின் பெயரை எடுத்துவிட்டு மரடோனா பெயரை வைத்தது நகராட்சி. இதற்கு எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் என்கிறீர்கள்? இறந்ததிலிருந்து 9 நாள்!

மெஸ்ஸி என்ன செய்தார்? நவம்பர் 29, ஒசாசுனாவோடு ஆட்டம். கோல் அடித்தார். பார்சிலோனா ஜெர்சியைக் கழற்றினார். உள்ளே சிவப்பும் கறுப்புமாக இன்னொரு ஜெர்சி! ரோசாரியோ நகரத்து நியூவெல்ஸ் அணியின் 10-ஆம் எண் ஜெர்சி. 1993-ல் மரடோனா ஆடிய அணி அது. மெஸ்ஸி சிறுவனாக ஆடிய அணியும் அதுவே! இரண்டு கையையும் வானத்தை நோக்கி நீட்டினார். நடுவர் மஞ்சள் அட்டை நீட்டினார். அபராதம் 600 யூரோ!

கால்பந்து ஆடாதவர்கள்கூட சும்மா இருக்கவில்லை. நியூசிலாந்து ரக்பி அணிக்கு அந்த வாரம் அர்ஜென்டினாவோடு ஆட்டம், ஆஸ்திரேலியாவில். ஹாக்கா நடனத்துக்கு முன்னால் கேப்டன் சாம் கேன் தனியாக நடந்து வந்தார். கையில் ஒரு கறுப்பு ஜெர்சி. அதைப் புல் தரையில் விரித்து வைத்துவிட்டுத் திரும்பினார். முதுகில் மரடோனா, 10! எதிர் வரிசையில் நின்ற அர்ஜென்டினா வீரர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

சிரியாவில் என்ன நடந்தது? போரில் இடிந்து நின்ற வீட்டுச் சுவர். இத்லிப் மாகாணத்தின் பின்னிஷ் ஊர். அசீஸ் அஸ்மர் என்ற ஓவியர் தூரிகையோடு வந்தார். கூரையில்லாத அந்தச் சுவரில் மரடோனாவை வரைந்துவிட்டுப் போனார்!

கேரளாவுக்கு வருவோமா? உலகத்தின் மறுபக்கத்து வீரருக்காக நம் பக்கத்து மாநிலத்தின் விளையாட்டுத் துறை துக்கம் அறிவித்தது. எத்தனை நாள்? 2!

காரணம் இருக்கிறது. 2012 அக்டோபரில் மரடோனா கண்ணூருக்கே வந்திருந்தார். மைதானம் கொள்ளாத கூட்டம். அவர் தங்கிய ஹோட்டல் அறையை அப்படியே கண்காட்சி ஆக்கிவிட்டார்கள். அவர் புகைத்த சுருட்டின் மிச்சம்கூடப் பத்திரமாக இருக்கிறது! அறை எண் 309!

கல்கத்தாவை விட்டுவிட்டால் வங்காளிகள் கோபித்துக்கொள்வார்கள். 2008-ல் சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தார். 2017-ல் மறுபடி வந்தார். எதற்கு? சிலை திறக்க. யார் சிலை? உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய மரடோனா சிலையை மரடோனாவே திறந்து வைத்தார்!

சரி, அவருக்குக் கோயில் இருப்பது தெரியுமா? தேவாலயம்! 1998 அக்டோபர் 30, ரோசாரியோவில் ரசிகர்கள் தொடங்கினார்கள். அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது அக்டோபர் 30. ஈஸ்டர் கொண்டாடுவது ஜூன் 22, அதாவது இங்கிலாந்தைச் சாய்த்த நாள். வருடத்தை எண்ணுவதும் அவர் பிறந்த 1960-லிருந்துதான். அந்தக் கணக்குப்படி அவர் மறைந்த ஆண்டு 60!

அங்கே ஞானஸ்நானம் எப்படித் தெரியுமா? பந்தை மேலே எறிவார்கள். நீங்கள் எகிறிக் குதித்துக் கையால் கோலுக்குள் தட்ட வேண்டும்! கல்யாணம் என்றால் பந்தின்மேல் கை வைத்து உறுதிமொழி. பத்துக் கட்டளைகளும் உண்டு. உங்கள் பெயரோடு டியேகோவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், மகன் பிறந்தால் அவனுக்கும் அதே பெயர்!

நேப்பிள்ஸ் பழைய நகரத்தில் ஒரு காபிக் கடை. பெயர் பார் நீலோ. சுவரில் சின்னதாக ஒரு மாடம், புனிதர்களுக்கு வைப்பது போலவே. உள்ளே என்ன? மரடோனாவின் ஒரே ஒரு தலைமுடி! பக்கத்தில் ஒரு குப்பி. அவர் நேப்பிள்ஸை விட்டுப் போன 1991-ல் ரசிகர்கள் வடித்த கண்ணீராம்! காபி குடிக்க வருபவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். உலகத்தின் எந்த அருங்காட்சியகத்திலும் இப்படி ஒரு பொருளை நீங்கள் பார்க்க முடியாது!

அங்கிருந்து ஸ்பானிஷ் குவார்ட்டர்ஸ் பகுதிக்குப் போங்கள். துணி காயும் குறுகலான சந்துகள். ஒரு பல மாடிக் குடியிருப்பின் பக்கச் சுவர் முழுக்க மரடோனா! 1990-ல் மாரியோ ஃபிலார்டி என்ற இளைஞர் வரைந்தது. பின்னாளில் அந்த வீட்டில் ஜன்னல் வைத்தார்கள். எந்த இடத்தில்? நேராக முகத்தில்! படம் பல வருடம் முகமில்லாமல் வெளிறிக் கிடந்தது. பிறகு ஓவியத்தைப் புதுப்பித்தபோது முகத்தை அந்த ஜன்னல் கதவின்மேலேயே வரைந்துவிட்டார்கள். கதவைச் சாத்தினால் மரடோனா வருகிறார். திறந்தால் மறைகிறார்! எதிரே இருக்கும் சின்னத் திடலில் இன்றைக்கும் மெழுகுவத்தி, கழுத்துத் துண்டு, கடிதம் என்று குவிகின்றன. நேப்பிள்ஸில் இறங்கியதும் பலர் முதலில் விசாரிக்கும் விலாசமே அதுதான்!

1984 ஜூலை 5. நபோலி மைதானத்தில் அன்றைக்கு ஆட்டமே கிடையாது. மரடோனா வந்து கையசைத்துப் பந்தைக் கொஞ்சம் தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதைப் பார்க்க வந்தவர்கள் 70,000-க்கும் மேல்!

விலை? 69 லட்சம் பவுண்டு, உலக சாதனை! அதற்கு இரண்டே வருடம் முன்னால் பார்சிலோனா கொடுத்தது 50 லட்சம் பவுண்டு. அதுவும் உலக சாதனை! உலக விலைச் சாதனையை ஒரே ஆள் இரண்டு முறை உடைத்தது அதுதான் முதல் தடவை!

1987 மே 10. நபோலி முதன்முறையாக இத்தாலிய சாம்பியன். இத்தாலி நிலப்பரப்பின் தெற்கிலிருந்து அதுவரை எந்த அணியும் வென்றதில்லை! ஊர் பல நாள் தூங்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரில் யாரோ எழுதி வைத்தார்கள். யாருக்கு? உள்ளே படுத்திருப்பவர்களுக்கு! நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியாது என்று!

நபோலிக்காக அவர் அடித்த கோல்கள் 115. மாரெக் ஹம்ஷிக் வந்து அதை முறியடித்த வருடம் 2017. சாதனை நின்ற காலம் 26 வருடம்!

இது பலருக்குத் தெரியாத கதை. நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் அசெர்ரா என்று ஒரு ஊர். 1985-ல் அங்கே ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லை. ஒரு ஆட்டம் ஆடித் திரட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். நபோலி கிளப் முடியாது என்றது. அடிபட்டால்? காப்பீடு? மரடோனா காப்பீட்டுப் பணத்தைத் தன் கையிலிருந்தே கட்டினார்! மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. உடலைச் சூடேற்ற இடமில்லை. கார் நிறுத்துமிடத்தில், ரசிகர்களின் சின்னச் சின்னக் கார்களுக்கு நடுவே குதித்துக் குதித்துத் தயாரானார் உலகத்தின் விலை உயர்ந்த ஆட்டக்காரர்! சேற்றில் முழு ஆட்டமும் ஆடினார். படக்காட்சி இன்றைக்கும் இருக்கிறது. முடிந்தால் பாருங்கள், தொடையிலிருந்து பாதம் வரை சேறு. அந்தக் கால்தான் 69 லட்சம் பவுண்டு!

உடலைச் சூடேற்றுவது என்றதும் ஞாபகம் வருகிறது. 1989 ஏப்ரல் 19, மியூனிக். ஐரோப்பிய அரையிறுதி. மைதான ஒலிபெருக்கியில் ஓபஸ் இசைக்குழுவின் பாட்டு ஒலிக்கிறது. மற்றவர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள். மரடோனா? பூட்ஸ் கயிறுகூடக் கட்டாமல் பந்தோடு நடனம் ஆடுகிறார்! தலை, தோள், தொடை, குதிகால் என்று பந்து தாளம் தப்பாமல் ஏறி இறங்குகிறது. பல கோல்களைவிட இந்தச் சில நிமிடங்களைத்தான் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பார்த்தால் நீங்களும் விட மாட்டீர்கள்!

இப்போது 1986 ஜூன் 22. உலகக் கோப்பை, மெக்சிகோ நகரத்து அஸ்தேக்கா மைதானம். எதிரணி இங்கிலாந்து. கூட்டம் 1,14,580! 51-ஆம் நிமிடம் கையால் ஒரு கோல். 55-ஆம் நிமிடம் நூற்றாண்டின் கோல்! உலகத்தின் மிக மோசமான கோலும் மிக அழகான கோலும் ஒரே காலிலிருந்து வரவில்லை, ஒரே ஆளிடமிருந்து வந்தன. இடைவெளி 4 நிமிடம்!

அந்த இரண்டாவது கோலுக்கு அவர் பந்தைத் தொட்டது 11 முறை. பதினொன்றும் இடது கால்! நேரம் சுமார் 10 விநாடி!

அந்தக் கோலுக்கு யோசனை கொடுத்தது யார் தெரியுமா? அவருடைய குட்டித் தம்பி! 1980-ல் லண்டன் வெம்ப்ளியில் இதே இங்கிலாந்தோடு இதே மாதிரி எல்லோரையும் வெட்டிக்கொண்டு ஓடினார் மரடோனா. கடைசியில் கோல்கீப்பரைத் தாண்டாமல் அடித்தார். பந்து வெளியே போனது. கோல்கீப்பரையும் தாண்டியிருக்கலாமே என்று போனில் திட்டினான் தம்பி. ஆறு வருடம் கழித்து அண்ணன் கோல்கீப்பரையும் தாண்டினார்!

அன்று போட்டிருந்த நீல ஜெர்சி எங்கே வாங்கியது? கடைத்தெருவில்! அணிக்கு வந்திருந்த ஜெர்சி கனம், மெக்சிகோ வெயிலுக்கு ஆகாது என்றார் பயிற்சியாளர் பிலார்தோ. ஆட்கள் மெக்சிகோ நகரக் கடைகளில் அலைந்து இரண்டு வகை கொண்டுவந்தார்கள். மரடோனா ஒன்றைக் கைகாட்டினார், இதைப் போட்டு இங்கிலாந்தை ஜெயிப்போம் என்றார். அவசர அவசரமாகச் சின்னத்தைத் தைத்தார்கள். எண்? அமெரிக்கன் ஃபுட்பால் ஜெர்சிக்கு ஒட்டும் மினுமினு வெள்ளி எண்! கை வைத்தால் ஜிகினா ஒட்டும்.

அந்த ஜெர்சி என்ன ஆனது? ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டார். கையால் அடித்த கோலுக்குப் பந்தைத் தப்பாக மேலே தூக்கிக் கொடுத்தவர் யார்? அதே ஹாட்ஜ்! கடைத்தெரு ஜெர்சி 2022 மே மாதம் ஏலத்துக்கு வந்தது. விலை 71 லட்சம் பவுண்டு! கவனித்தீர்களா? மரடோனாவையே நபோலி வாங்கியது 69 லட்சத்துக்குத்தான்!

கையைக் கவனிக்காத நடுவர் துனீசியாவின் அலி பின் நாசர். ஆட்டம் முடிந்ததும் பந்தை அவர் எடுத்துப்போனார். அதுவும் 2022-ல் ஏலம் போனது. 20 லட்சம் பவுண்டு! 2015-ல் மரடோனா துனீசியாவுக்குப் போனபோது அவர் வீட்டைத் தேடிப்போய், என்றென்றைக்கும் நண்பர் என்று கையெழுத்துப் போட்ட ஜெர்சியைக் கொடுத்துவிட்டு வந்தார்!

அந்த உலகக் கோப்பையில் அர்ஜென்டினா அடித்தது 14 கோல். மரடோனா அடித்தது 5, அடிக்க வைத்தது 5. ஆக, 14-ல் 10!

அந்தத் தொடரில் அவரை எத்தனை முறை ஃபவுல் செய்தார்கள்? 53! 1982-ல் இத்தாலியோடு ஒரே ஆட்டத்தில்? 23!

1983 செப்டம்பர் 24. பில்பாவோவின் கோய்கோயேச்சியா பின்னாலிருந்து பாய்ந்து மரடோனாவின் கணுக்காலை உடைத்தார். அந்த பூட்ஸைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்! மரடோனா 106-ஆவது நாள் செவியாவுக்கு எதிராக இறங்கினார். அன்றைக்கு அடித்த கோல்கள் 2!

அதே வருடம் ஜூன் 26. மாட்ரிட் மைதானத்தில் பார்சிலோனாவுக்காக ஆடுகிறார். கோல்கீப்பரைத் தாண்டியாயிற்று. எதிரே வெறும் வலை. தட்டினால் கோல். மனுஷன் தட்டவில்லை! கோட்டுக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். ஒரு மாட்ரிட் தடுப்பாட்டக்காரர் தலைதெறிக்க ஓடிவந்து சறுக்குகிறார். மரடோனா பந்தை லேசாகப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டார். வந்தவர் நேரே போய்க் கம்பத்தில் மோதினார். அதற்குப் பிறகுதான் கோல்! எழுந்து நின்று கை தட்டியவர்கள் யார்? மாட்ரிட் ரசிகர்கள்!

1986 மே 1. லண்டனில் அர்ஜென்டினா வீரர் ஆர்டிலெஸுக்கான பாராட்டு ஆட்டம். நண்பனுக்காக டாட்டன்ஹாம் ஜெர்சி போட்டு இறங்கினார் மரடோனா. பூட்ஸ் மட்டும் கொண்டுவரவில்லை! கிளைவ் ஆலனிடம் கடன் வாங்கி ஆடினார். இங்கிலாந்து ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அதே இங்கிலாந்தை அவர் அழவைக்க மீதம் இருந்தது 52 நாள்!

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் பேசப் போயிருக்கிறார், 1995-ல். ஒரு மாணவர் கோல்ஃப் பந்தைத் தூக்கிப் போட்டார். கோட்டும் டையுமாக, ஷூ காலால் அதைத் தட்டித் தட்டிக் காட்டினார்! கோல்ஃப் பந்தின் குறுக்களவு 4.3 சென்டிமீட்டர்தான்!

வளர்ந்தது வில்லா ஃபியோரிட்டோ குடிசைப் பகுதி. நான்கு பெண் குழந்தைகளுக்குப் பிறகு பிறந்த முதல் பையன். சாப்பாட்டு நேரம் வந்தால் அம்மாவுக்குத் தினமும் வயிற்றுவலி! பிள்ளைகளுக்குச் சோறு போதவில்லை என்பதால் வந்த வயிற்றுவலி அது என்று பெரியவனான பிறகுதான் தெரிந்தது. அந்த வீடு இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம். அறிவித்த வருடம் 2021!

மூன்றாவது பிறந்தநாளுக்கு உறவுக்காரப் பையன் ஒரு பந்து கொடுத்தான். சட்டைக்குள் அதைச் சொருகிக்கொண்டுதான் தூங்கினான் டியேகோ!

எட்டு வயதில் ஆட்டத் தேர்வு. பயிற்சியாளர் கொர்னேஹோ நம்பவே இல்லை. இவன் எட்டு வயதுப் பையனே இல்லை, குள்ளமான பெரிய ஆள் என்று நினைத்தார். வீட்டுக்கே போய்ப் பிறப்புச் சான்றைப் பார்த்த பிறகுதான் சேர்த்தார்! அந்தச் சிறுவர் அணி தோற்காமல் ஆடிய ஆட்டங்கள் 136!

பத்து வயதில் முதன்முதலாகப் பத்திரிகையில் பெயர் வந்தது. எப்படி? தப்பாக! மரடோனா என்பதற்குக் கரடோனா என்று அச்சடித்துவிட்டார்கள்! வருடம் 1971!

முதல் டிவிஷன் அறிமுகம் 1976 அக்டோபர் 20. பதினாறு வயது நிறைய இன்னும் 10 நாள் பாக்கி! முதுகில் எண் 16. உள்ளே போன சற்று நேரத்தில் எதிரணிக்காரரின் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தள்ளிவிட்டு ஓடினார். அந்த எதிரணிக்காரரின் பெயரை அர்ஜென்டினாவில் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். காப்ரேரா!

சர்ச்சைகளை விட்டுவிட்டு இவரைப் பற்றி எழுத முடியாது. ரசிகர்களும் விடுவதில்லை. 1991 மார்ச்சில் கொக்கெய்ன் சோதனையில் சிக்கினார். தடை 15 மாதம்! 1994 உலகக் கோப்பையில் கிரீஸோடு கோல் அடித்து கேமராவுக்குள்ளேயே பாய்ந்து கத்தினார். அடுத்த ஆட்டம் முடிந்ததும் ஒரு செவிலியர் கையைப் பிடித்துச் சோதனைக்குக் கூட்டிப்போனார். சிரித்துக்கொண்டே போனார். எபெட்ரின்! அர்ஜென்டினாவுக்காக அதுவே கடைசி ஆட்டம். எண்ணிக்கை 91!

நேப்பிள்ஸில் 1986-ல் பிறந்த மகனை மகன் என்று ஏற்றுக்கொண்டது எப்போது? 2016-ல்! முப்பது வருடம் அந்தப் பிள்ளை காத்திருந்தது. எனக்கு இதில் மரடோனா மேல் கோபம்தான். ஆனால் அப்பா ஏற்றுக்கொள்வதற்கு முன்பே மகனும் கால்பந்து வீரர் ஆகிவிட்டார்!

இத்தாலி வருமானவரித் துறை அவரை விடவே இல்லை. பாக்கி கோடிக்கணக்கான யூரோ என்றார்கள். வரும்போதெல்லாம் பறிமுதல். ஒருமுறை இரண்டு கைக்கடிகாரம். ஒருமுறை காதில் போட்டிருந்த கம்மல்! ஏலத்தில் அந்தக் கம்மல் 25,000 யூரோ! கடைசியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எப்போது? 2024 ஜனவரியில். கேட்க அவர் இல்லை!

2001 நவம்பர் 10. போகா மைதானத்தில் பிரியாவிடை ஆட்டம். மைக்கைப் பிடித்தார். தப்புச் செய்தேன், விலையும் கொடுத்தேன், ஆனால் பந்தின்மேல் கறை படியாது என்றார். ஸ்டேடியம் முழுக்க அழுதது. அர்ஜென்டினாவில் குழந்தைக்குக்கூட அந்த வாக்கியம் மனப்பாடம்!

அந்தப் 10-ஆம் எண்ணை இனி யாருக்கும் தர மாட்டோம் என்றது அர்ஜென்டினா. 2002 உலகக் கோப்பைக்கு அப்படியே பட்டியல் அனுப்பினார்கள். ஃபிஃபா ஒப்புக்கொள்ளவில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றது! அதனால்தான் பின்னால் மெஸ்ஸிக்குக் கிடைத்தது 10!

நூற்றாண்டின் சிறந்த வீரர் யார் என்று ஃபிஃபா 2000-ல் இணையத்தில் வாக்கெடுத்தது. மரடோனாவுக்கு 53.6 சதவீதம்! பீலேவுக்கு? 18.5!

அதே பீலேதான் 2005-ல் மரடோனா தொகுத்த டிவி நிகழ்ச்சிக்கு முதல் விருந்தாளி! இருவரும் மேடையில் தலையால் பந்தை மாற்றி மாற்றித் தட்டினார்கள். மரடோனா மறைந்தபோது, ஒருநாள் வானத்தில் சேர்ந்து ஆடுவோம் என்று எழுதினார் பீலே. அவரும் போன வருடம் 2022!

அந்த நிகழ்ச்சியில் மரடோனா பேட்டி எடுத்த இன்னொரு பிரபலம் யார்? மரடோனா! ஒரு மரடோனா கேள்வி கேட்டார், இன்னொரு மரடோனா பதில் சொன்னார். உங்கள் கல்லறையில் என்ன எழுத வேண்டும்? பந்துக்கு நன்றி என்று எழுதுங்கள்!

2019 அக்டோபர் 29. ஹிம்னாசியா அணியின் பயிற்சியாளராக ரோசாரியோவுக்குப் போனார். எதிரணி நியூவெல்ஸ். முழங்கால் வலியில் நடக்கவே சிரமப்பட்டார். எதிரணிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மைதான ஓரத்தில் அவருக்கு ஒரு சிம்மாசனம் போட்டார்கள்! ராஜா மாதிரி உட்கார்ந்து பார்த்தார். அவர் அணி ஜெயித்தது 4-0!

பிரேதப் பரிசோதனை என்ன சொன்னது? உடலில் மது இல்லை. சட்டவிரோதப் போதைப்பொருள் இல்லை! இதயத்தின் எடை மட்டும் சாதாரண மனிதரின் இதயத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 503 கிராம்!

மருத்துவ அலட்சியம் என்று வழக்கு. ஏழு பேர் மீது விசாரணை 2025 மார்ச்சில் தொடங்கியது. மே மாதமே ரத்து! ஏன்? நீதிபதிகளில் ஒருவர் அதே வழக்கைப் பற்றிய ஆவணப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தாராம்! மரடோனா பிள்ளைகளின் காத்திருப்பு அப்போதே நாலரை வருடம்!

2022 கத்தார் உலகக் கோப்பை. அர்ஜென்டினா ரசிகர்கள் தொண்டை கிழியப் பாடிய பாட்டில் மெஸ்ஸியும் இருக்கிறார், வானத்திலிருந்து அப்பா அம்மாவோடு பார்த்துக்கொண்டிருக்கும் டியேகோவும் இருக்கிறார். வீரர்களே உடைமாற்றும் அறையில் மேஜைமேல் ஏறி அதைப் பாடினார்கள். கோப்பை வந்தது. மரடோனா கோப்பைக்குப் பிறகு 36 வருடம்!

நபோலிக்கும் அப்படித்தான். 1990-க்குப் பிறகு சாம்பியன் பட்டமே இல்லை. 2023-ல் வந்தது. 33 வருடம்! ஆனால் அது உறுதியானது வெளியூர் மைதானத்தில், உதினேயில். 2025 மே 23-ல் மறுபடி சாம்பியன். இந்த முறை எங்கே? டியேகோ அர்மாண்டோ மரடோனா மைதானத்தில்! நபோலியின் மொத்தப் பட்டங்கள் 4. அவர் ஆடி வென்றது 2, அவர் போன பிறகு வந்தது 2!